காவலைத் தடுக்கும் காவல்: பி.டி.-1 கண்ட வரலாறு

அரசர் நாடு பிடித்த கதைகளையும் படையைப் படை வென்ற கதைகளையுமே வரலாறு என்று நெடுங்காலமாக நாம் படித்து வருகிறோம். அடங்கி நின்றமையால் விளைந்த நன்மையை வரலாறாக எழுதி வைத்தவர் மிகச் சிலர். மனித உடம்பினுள் அடக்கமும் ஆற்றலும் இடையறாது நடத்தும் வழக்கொன்றைச் சென்ற நாற்பது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர். அவ்வழக்கின் தீர்ப்பைப் பொறுத்தே இன்று பல்லாயிரவர் உயிர் வாழ்கின்றனர். ஆதலின், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர் இதனை அறிந்திருத்தல் அவசியம் என்று கருதுகிறோம்.

சிங்கப்பூரில் தேக்காவை அறியாத தமிழர் இரார். அதன் அருகே 'காண்டாங் கெர்பாவ்' என்று மலாய்மொழியில் வழங்கும் இடத்தின் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். கால்நடை வாணிகம் செழித்த அவ்விடத்தில் எழுந்த மருத்துவமனை 1924-ம் ஆண்டு முதல் மகப்பேற்றுக்கென உரியதாயிற்று. 1966-ம் ஆண்டில் மட்டும் அங்குப் பிறந்த குழந்தைகள் 39,835 பேர். ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த பிறப்புகளின் உலகக் கணக்கில் அவ்வெண் இடம்பெற்றது. மருத்துவமனை 1997-ல் அண்டையிலேயே புதிய கட்டிடத்திற்கு மாறியது.

இக்கணக்கை இங்கே கூறுவானேன் எனின், ஒவ்வொரு பிறப்பிலும் ஒரு புதிர் அடங்கியிருக்கிறது. குழந்தையின் உடம்பில் பாதி தாயினுடையது. மற்றப் பாதி தகப்பனுடையது. பிறர் உடம்பின் தோலை நம்மேல் ஒட்டினால் நம் உடம்பு அதனை அந்நியம் என்றுணர்ந்து தள்ளிவிடும். அங்ஙனமிருக்க, பாதி அந்நியமான சிசுவைப் பத்துமாதம் தாயின் உடம்பு தள்ளாதிருப்பது எவ்வாறு? இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, தாயின் காவல் உயிரணுக்களை 'நில்' என்று அடக்கும் ஒரு குறி நஞ்சுக்கொடியில் இருத்தலாம். எலிகளில் அக்குறியை மறைத்தபோது, தாய்க்கு அந்நியமான தந்தைவழிச் சிசுக்கள் மிகுதியாக அழிந்தன என்று 2005-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. அக்குறியின் பெயர் பி.டி.எல்.-1. அதனை ஏற்றுக்கொண்டு அடங்கும் ஏற்பியின் பெயர் பி.டி.-1. அதன் வரலாறே நாம் சொல்லப் புகுந்தது.

காவலர் யார்?

நமது இரத்தத்தில் வெள்ளணுக்கள் உண்டென்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. அவற்றுள் ஒருவகை, மார்பெலும்பின் பின்னே இருக்கும் தைமஸ் என்னும் சுரப்பியில் பயிற்சி பெற்று வெளிவருகின்றது. அச்சுரப்பி பயனற்ற மிச்சம் என்றே வைத்தியர் பலகாலம் எண்ணியிருந்தனர். ஜாக் மில்லர் என்பவர் 1961-ல் இலண்டனில், பிறந்தவுடன் அதனை நீக்கிய எலிகள் நோய்க்கு எளிதில் இரையாவதைக் காட்டினார். தைமஸில் பயின்றதனால் இவ்வணுக்களுக்கு டி உயிரணுக்கள் என்று பெயர் வந்தது.

டி உயிரணு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அந்நியப் பொருளை மட்டுமே அடையாளம் காணவல்லது. ஆயினும், கண்டமட்டில் அது தாக்கப் புறப்படுவதில்லை. 'கண்டது பகையே' என்னும் முதற்செய்தியோடு, 'புறப்படு' என்னும் இரண்டாம் செய்தியும் வரவேண்டும். தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்ட மாத்திரத்தில் எவரும் வேலைக்காட்டுக்கு ஓடிவிடுவதில்லை. நிரையைக் காட்டி மண்டோர் அனுப்பிய பின்னரே செல்வர். அதனை ஒத்ததே இதுவும். இரண்டாம் செய்தியை வாங்கும் ஏற்பிக்கு சி.டி.28 என்று பெயர்.

இக்காவலரை ஏவிப் புற்றுநோயை அழிக்கலாகாதா என்னும் எண்ணம் புதியதன்று. 1891-ல் நியூயார்க் நகரத்து அறுவை வைத்தியர் வில்லியம் கோலி என்பார், நோயாளியின் கட்டியில் கிருமிகளைச் செலுத்திச் சுரமுண்டாக்கிப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை, காரணம் இன்னதென்று அவருக்கு விளங்கவுமில்லை. அவருக்குப் பின் வந்தோர் எல்லாரும் காவலரை மேன்மேலும் தூண்டவே வழி தேடினர். தூண்டத் தூண்ட ஏன் பயனில்லை என்று கேட்டவர் அரியர்.

தூண்டுகோலா, கடிவாளமா?

1987-ம் ஆண்டில் பிரான்சு தேசத்து மார்சேய் நகரில் பியேர் கோல்ஸ்டைன் என்பவரின் ஆராய்ச்சிக் கூடத்தார் டி உயிரணுவின்மேல் ஒரு புதிய ஏற்பியைக் கண்டு, சி.டி.எல்.ஏ.-4 என்று பெயரிட்டனர். அதன் உருவம் சி.டி.28-ஐப் பெரிதும் ஒத்திருந்தது. ஆகவே இதுவும் காவலரைத் தூண்டுவதே என்று சிலர் வாதித்தனர். அன்று, இது கடிவாளம் என்று அமெரிக்காவில் ஜெப்ரி புளூஸ்டோன், ஜேம்ஸ் ஆலிசன் ஆகியோரின் கூடத்தார் தனித்தனியே கண்டு கூறினர்.

வழக்கை முடித்தவை எலிகளே. சி.டி.எல்.ஏ.-4 இல்லாமற் பிறக்குமாறு செய்யப்பட்ட எலிகளை இரண்டு கூடத்தார் 1995-ல் ஆராய்ந்தனர். மூன்று நான்கு வாரங்களிலேயே அவை மாண்டன. அறுத்துப் பார்க்கையில், அவற்றின் காவலணுக்கள் எண்ணின்றிப் பெருகிச் சொந்த உறுப்புகளையே அழித்திருந்தன. கட்டுப்பாடற்ற காவல் கொள்ளையினும் கொடியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதனைப் பிறர் எச்சரிக்கையாகக் கண்டனர். ஆலிசன் வாய்ப்பாகவும் கண்டார். சிறுவயதிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். கடிவாளத்தைச் சிறிது பொழுது மட்டும் நெகிழ்த்தினால் காவலர் புற்றைத் தாக்காரோ என்று எண்ணினார். சி.டி.எல்.ஏ.-4-ஐ மறைக்கும் எதிர்ப்பொருளைக் கட்டியுள்ள எலிகளுக்குச் செலுத்தினார். கட்டிகள் மறைந்தன. 1996-ல் இச்செய்தி வெளியாயிற்று. ஆயினும், மருந்து செய்ய முன்வந்தவர் மிகக் குறைவு. ஆண்டு பதினைந்து சென்று, 2011 மார்ச்சு மாதத்தில் தான் இபிலிமுமாப் என்னும் அம்மருந்து தோலில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பெயர் பொருந்தாத ஏற்பி

இதற்கிடையே, கீழ்த்திசையில் வேறொரு கதை நடந்து கொண்டிருந்தது. ஜப்பான் தேசத்துக் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் டசுக்கு ஹோஞ்சோ என்பவரின் கூடத்தில் யசுமாசா இஷிடா என்பார், உயிரணுக்கள் தாமே திட்டமிட்டு மாளுங்கால் எந்த மரபுக்கூறு விழித்தெழுகின்றது என்று தேடிக்கொண்டிருந்தார். 1992-ல் ஒன்று அகப்பட்டது. சாவுக்குரியது என்று கருதி, 'திட்டமிட்ட சாவு' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் பி.டி.-1 என்று பெயரிட்டனர். பெயர் நிலைத்துவிட்டது, பொருள் நிலைக்கவில்லை. அணு மாள்வதற்கு அஃது இன்றியமையாததன்று என்று பின்னர்த் தெரியவந்தது.

அது செய்யும் வேலைதான் என்ன? ஹோஞ்சோவின் கூடத்தார் பி.டி.-1 அற்ற எலிகளை வளர்த்துப் பல மாதங்கள் பொறுமையுடன் காத்திருந்தனர். 1999-ல் விடை கிடைத்தது. அவ்வெலிகள் உடனே சாகவில்லை. வயது ஏற ஏற மூட்டிலும் சிறுநீரகத்திலும் தன்னைத் தானே தாக்கும் நோய் கண்டது. வேறோர் இனத்து எலிகளில் இதயமே தளர்ந்து வீங்கிற்று. ஆகவே, பி.டி.-1-உம் கடிவாளமே, ஆனால் சி.டி.எல்.ஏ.-4 புறப்படும் வாயிலிலேயே காவலரை நிறுத்துவது, பி.டி.-1 போர்க்களத்தில் உறுப்புகளின் நடுவே அவரை அமைதிப்படுத்துவது என்று பெரும்பாலும் கூறலாம்.

கடிவாளம் உண்டெனின் அதனைப் பிடிக்கும் கையும் வேண்டுமன்றோ? அமெரிக்காவில் லீபிங் சென் 1999-ல் ஒரு புரதத்தைக் கண்டார். 2000-ல் கார்டன் பிரீமன், ஹோஞ்சோ முதலியோர் அதுவே பி.டி.-1-ஐப் பற்றும் கை என்று காட்டினர். பி.டி.எல்.-1 என்று மேலே கூறியது அதனையே. 2002-ல் சென்னின் கூடத்தாரும் கியோட்டோக் கூடத்தாரும் இன்னோர் உண்மையை வெளியிட்டனர். புற்றணுக்கள் இக்கையைத் தம் மேனியில் முளைப்பித்துக்கொண்டு, கொல்ல வரும் காவலரை அடக்கிவிடுகின்றன!

நன்கு பழக்கிய காவல்நாயை எண்ணிப் பாருங்கள். வீட்டார் கையைத் தாழ்த்திக் காட்டினால் அது குரைப்பை விட்டுப் படுத்துவிடும். குழந்தைகளைக் கடியாதிருக்க அப்பழக்கம் வேண்டும். திருடன் ஒருவன் அக்கைக்குறியைக் கற்றுக்கொண்டான். நாய் வலுவிழக்கவுமில்லை, உறங்கவுமில்லை. ஆயினும் படுத்துக் கிடக்கிறது. புற்று செய்வது இதுவே. நூறாண்டுக் காலம் வைத்தியர் நாய்க்கு மேன்மேலும் இறைச்சி ஊட்டியதன் பயனின்மைக்குக் காரணமும் இதுவே.

கையொப்பத்தை அழிக்கும் முறை

இவ்வடக்கம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதையும் சுருங்கச் சொல்வோம். உயிரணுவின் உள்ளே கட்டளை செல்வது, புரதங்களின்மேல் பாஸ்பேட் என்னும் சிறு முத்திரை இடுவதனால். நம்போன்ற கிராணிமார்க்கு இது எளிதில் விளங்கும்: கையொப்பமிடாத சம்பளப் பட்டியலுக்குப் பணம் கிடையாது. பி.டி.எல்.-1 பற்றியவுடன் பி.டி.-1-இன் உள்வால் ஷிப்-2 என்னும் நொதியைத் தன்னருகே இழுத்துக்கொள்கிறது. அந்நொதி கையொப்பங்களை அழிப்பது. சி.டி.28-இன் மேலுள்ள கையொப்பங்களையே அது முதன்மையாக அழிக்கின்றது என்று 2017-ல் ஆராய்ச்சியாளர் காட்டினர். இரண்டாம் செய்தி இங்ஙனம் செல்லாக் கட்டளையாகிவிடுகிறது.

நீண்டநாள் நோயிலும் இது நிகழும் என்பதை வெளிப்படுத்தியவர் ஐதராபாத்திற் பிறந்து உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற ரபி அகமது ஆவார். தீராத கிருமித்தொற்றுள்ள எலிகளில் டி உயிரணுக்கள் களைத்து ஓய்ந்திருப்பதையும், பி.டி.-1 வழியை மறைத்தால் அவை மீண்டும் எழுவதையும் 2006-ல் அவருடைய கூடத்தார் கண்டனர். ஓய்ந்தவை மாண்டவையல்ல என்ற இவ்வுண்மை மருந்து தேடியவர்க்குப் பெருந்துணையாயிற்று.

எலியினின்று மனிதர்க்கு

2012-ல் வெளியான முதற்பெருஞ்சோதனையில், பி.டி.-1-ஐ மறைக்கும் நிவோலுமாப் என்னும் மருந்தால் மெலனோமா உடையோருள் நூற்றுக்கு 28 பேருக்கும், சிறுநீரகப் புற்றுடையோருள் 27 பேருக்கும், நுரையீரற் புற்றுடையோருள் 18 பேருக்கும் கட்டி சுருங்கிற்று. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகள் இவர். 2014-ல் இம்மருந்து ஜப்பானிலும், பெம்புரோலிசுமாப் என்னும் இன்னொரு மருந்து அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2015-ல் தமது மூளைக்கும் பரவிய மெலனோமாவுக்குப் பெம்புரோலிசுமாப் மருந்தும் கதிர்வீச்சும் பெற்று, அவ்வாண்டு இறுதியில் நோயின் சுவடில்லை என்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 91. நூறு வயது கடந்த பின்னரே 2024-ல் காலமானார். 2018-ல் ஆலிசனும் ஹோஞ்சோவும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆலிசனுடன் ஹூஸ்டன் நகரில் பணிபுரியும் அவர் மனைவியார் பத்மினி சர்மா, கயானாவிற் பிறந்த இந்திய வம்சாவளியினர். மருந்து பெற்ற நோயாளிகளின் கட்டியினுள் காவலணுக்கள் எவ்வாறு மாறுகின்றன என்று ஆராய்ந்தவர். 1838 முதல் இந்தியக் கூலிகள் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட தேசம் அந்தக் கயானா. தோட்டத்து நாட்டிற் பிறந்த பெண்மகவு விஞ்ஞானத்தின் முன்வரிசையில் நிற்றல் கூடும் என்பதைத் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் மனத்திற் கொள்வார்களாக.

சிங்கப்பூரின் பங்கு

இந்நகரம் இவ்வரலாற்றை வெறுமனே பார்த்திருக்கவில்லை. உயிரியல் அறிஞர் சிட்னி பிரென்னரின் யோசனையால் மூலக்கூறு உயிரணு உயிரியல் ஆராய்ச்சிக் கழகம் இங்கு 1987-ல் திறக்கப்பட்டது. 2003-ல் புவன விஸ்தாவை அடுத்துப் பயோபாலிஸ் என்னும் ஆராய்ச்சி நகரம் எழுந்தது. ஊட்ரமில் தேசியப் புற்றுநோய் நிலையம் 1999 முதல் நடைபெறுகிறது.

கீழ்த்திசையாரிடையே மிகுதியாகக் காணும் கொடும் புற்று, மூக்கிற் பெரும்பாலும் தோன்றும் என்.கே./டி உயிரணு லிம்போமா. மற்ற வைத்தியம் பலியாத ஏழு நோயாளிகளுக்குப் பெம்புரோலிசுமாப் கொடுத்து, ஏழுவருக்கும் குணம் கண்டதை ஹாங்காங், சிங்கப்பூர் முதலிய இடங்களின் வைத்தியர் 2017-ல் வெளியிட்டனர். எவருக்குப் பலிக்கும் என்று முன்னரே அறியலாமா என்னும் கேள்வியை எடுத்துக்கொண்ட தேசியப் புற்றுநோய் நிலையத்து லிம் சூன் தாய், ஓங் சூன் கியாட் ஆகியோரின் குழுவினர், பி.டி.எல்.-1 மரபுக்கூற்றின் வாற்பகுதி சிதைந்திருந்த நோயாளிகளிடம் மருந்து பலித்தமையை 2020-ல் எடுத்துக் காட்டினர்.

தென்சீனரிடையே மிகுந்த மூக்குத்தொண்டைப் புற்றுக்குச் சீனாவிற் செய்த டோரிபாலிமாப் என்னும் மருந்தைச் சீனா, தைவான், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் 289 நோயாளிகளிடையே சோதித்தனர். பழைய மருந்தோடு இதனையும் பெற்றவருள் மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர் நூற்றுக்கு 64.5 பேர், பழைய மருந்து மட்டும் பெற்றவருள் 49.2 பேர். 2023-ல் அமெரிக்காவும் அம்மருந்தை அனுமதித்தது.

விலை என்னும் கடிவாளம்

இனி, நம் மனத்தை உறுத்தும் பகுதிக்கு வருவோம். உடம்பின் கடிவாளத்தை நெகிழ்த்த மருந்து வந்துவிட்டது. ஏழையின் கையைக் கட்டும் கடிவாளமோ விலை. இம்மருந்துகள் மிக விலையுயர்ந்தவை. நாட்கூலிக்குக் கணக்கெழுதும் நாம், ஒரு தொழிலாளியின் ஆண்டுக் கூலி முழுவதும் சில ஊசிகளுக்கே போதாதென்பதை அறிய வேறு கணக்குப் போட வேண்டுவதில்லை. சிங்கப்பூர் அரசாங்கம் 2022 செப்டம்பரில் புற்றுநோய் மருந்துப் பட்டியல் ஒன்றை வகுத்து, அதிலுள்ள மருந்துகளுக்கே மெடிஷீல்டு காப்புறுதிப் பணம் செல்லும் என்றும், மருந்துக்கு மருந்து இவ்வளவே என்றும் வரையறுத்தது. விலையைக் கட்டுப்படுத்த இது வேண்டும் என்பது ஒரு வாதம். பட்டியலுக்குப் புறத்தே நிற்கும் நோயாளி என் செய்வான் என்பது மற்றொன்று.

இந்நிலையில், குறைந்த அளவே போதாதா என்று கேட்டவர்க்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நுரையீரற் புற்றுக்குப் பெம்புரோலிசுமாப் 200 மில்லிகிராம் பெற்றவரையும் 100 மில்லிகிராம் பெற்றவரையும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகப் புற்றுநோய்க் கழகத்தார் ஒப்பிட்டு, வாழ்நாளில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று 2021-ல் எழுதினர். இது பழைய ஏடுகளைப் பின்னோக்கிப் பார்த்த கணக்கே, முடிந்த முடிபன்று. ஆயினும் கேள்வி எழுந்துவிட்டது.

பம்பாயின் டாட்டா நினைவு மருத்துவமனையார் ஒருபடி மேற்சென்றனர். வாய், தொண்டை முதலியவற்றின் முற்றிய புற்றுடைய 151 பேரைச் சீட்டுப்போட்டு இரு கூறாக்கினர். ஒரு கூறுக்கு மலிவான வாய்வழி மருந்துகள். மற்றதற்கு அவற்றோடு நிவோலுமாப் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கொருமுறை. வழக்கமாக ஒருமுறைக்குக் கொடுப்பது 240 மில்லிகிராம்! ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர் முன்னதில் நூற்றுக்கு 16.3 பேர், பின்னதில் 43.4 பேர். 2022-ல் வெளியான இம்முடிவு, பன்னிரண்டில் ஒருபங்கு மருந்தும் பயன்தரும் என்பதைச் செல்வ நாடுகளுக்கும் உணர்த்திற்று. முழு அளவினும் இது குறையாதது என்று இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஆனால் ஒன்றுமே கிடையாத ஏழைக்கு இதன் மதிப்பை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமோ?

மிகையும் தீங்கு

இது சஞ்சீவி என்று எவரும் மயங்க வேண்டாம். பலருக்கு இம்மருந்து பலிப்பதில்லை. கடிவாளம் நெகிழ்ந்த காவலர் குடலையும் நுரையீரலையும் தைராய்டுச் சுரப்பியையும், அரிதாக இதயத்தையும் தாக்குவதுண்டு. கியோட்டோவின் எலிகள் முன்னரே காட்டிய எச்சரிக்கை அது. வேறு கடிவாளங்களையும் ஆராய்ந்து வருகின்றனர். 1990-ல் பிரான்சில் கண்ட லேக்-3 என்பதை மறைக்கும் மருந்து 2022-ல் அனுமதி பெற்றது. காஷ்மீரத்திற் பிறந்த விஜய் குச்ரூவின் கூடத்தார் 2002-ல் கண்ட டிம்-3 என்பதற்கான மருந்துகளோ பெருஞ்சோதனைகளில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

நிற்க. நம்மவர்க்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. டாட்டா மருத்துவமனையார் சோதித்த அப்புற்று, வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இடைவிடாது மெல்லும் வாயைத் தேடி வருவது. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றை விளைவிக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்டது. பால்வெட்டும் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் பசியையும் களைப்பையும் மறக்க மென்று பழகிய நம் தாய்மாரைப் பழிப்பதிற் பயனில்லை. ஆனால் வாயில் ஆறாத புண்ணோ வெண்படலமோ கண்டால், விதி என்றிருப்பதும், மந்திரிக்கச் செல்வதும், பேரப்பிள்ளைகளிடங்கூடச் சொல்லாமல் மறைப்பதும் ஒழிய வேண்டும். தொடக்கத்திலே கண்டால் இவ்விலையுயர்ந்த மருந்துகளின் வாயிலுக்கே போகாமல் பிழைத்தல் கூடும்.

நோய் இன்னதென்று தெரிந்தவன் அஞ்சினாலும் கேள்வி கேட்பான்: இம்மருந்து எனக்குப் பலிக்குமா, என் காப்புறுதி இதனைத் தாங்குமா, குறைந்த அளவு போதுமா என்று வைத்தியரை வினவுவான். தெரியாதவன் காட்டிய தாளில் கைநாட்டு வைப்பான். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம், கற்றதைத் தமிழிற் சொல்லாது வைத்திருப்பது, காவலணு படுத்துக்கிடப்பதை ஒக்கும். தோட்டத்து வாசகசாலையிலும் தேக்காவின் உணவுக்கடை மேசையிலும் இதனைப் படிப்போர், படிக்க இயலாத ஒருவருக்கேனும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.